செத்த காலேஜும் ஒரு உயிருள்ள தொட்டியும்

ரீல்ஸ் பார்க்கும்போது ஒரு குட்டிக் கண்ணாடித் தொட்டி கண்ணில் பட்டிருக்கும். நீல விளக்கு, ஆடிக்கொண்டே இருக்கும் பவளம், நடுவில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். பார்த்ததும் உங்களுக்கும் ஆசை வந்திருக்கும். ரெண்டடித் தொட்டி, ஒரு எல்.இ.டி., ஒரு பம்ப், ஒரு பாக்கெட் உப்பு, லீவு முடிஞ்சு வந்ததும் ரூம்ல வெச்சிடலாம்னு மனசுக்குள்ள கணக்கும் போட்டிருப்பீங்க.

தாராளமா வைங்க. ஆனா பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு மனுஷனோட கதையைக் கேட்டுட்டுப் போங்க. அவர் பெயர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி ஏழு தடிமனான தொகுதிகள் எழுதியவர் என்று நூலகத்தில் பார்த்திருப்பீங்க. சென்னை மெரினாவில் 1909-ல் திறக்கப்பட்ட கடல் மீன் காட்சிசாலைக்கு யோசனை சொன்னவரும் அதே ஆள்தான் என்பது பலருக்குத் தெரியாது. செத்த உயிர்களைச் சேர்ப்பதிலேயே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்த ஒருவர், கடைசியில் கடலை உயிரோடு காட்டணும்னு ஏன் கேட்டார்? அந்தக் கேள்வி உங்க ரெண்டடித் தொட்டிக்கும் பொருந்தும்.

கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்த காலம்

தர்ஸ்டன் பிறந்தது 1855-ல், லண்டன் பக்கத்துக் கியூவில். அதற்குச் சரியாக ரெண்டு வருஷம் முன்னாடி, 1853-ல், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சிசாலை திறந்தார்கள். கடலைக் கண்ணாடிக்குள் வைக்க முடியும் என்பதே அப்போது புதுச் செய்தி.

அதற்கும் முன்பு, 1846-ல், ஆனா தைன் என்ற பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிரிகளை லண்டன் வீட்டுக்கு எடுத்து வந்தார். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது. வேலைக்காரப் பெண் ஜன்னல் ஓரமாக நின்று தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவார். தண்ணீரில் காற்று கலக்க அதுதான் வழி. டீக்கடை மாஸ்டர் டீ ஆத்துற மாதிரின்னு வெச்சுக்கங்க. பிறகு கடற்பாசியையும் கூடவே வைத்தார். அந்த உயிர்கள் பல காலம் பிழைத்தன.

அடுத்து பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளர். கடல் இல்லாத ஊரிலும் கடல் தண்ணீர் வேண்டும் என்று 1854-ல் அவர் ஒரு செய்முறை வெளியிட்டார். சமையல் உப்பு, மெக்னீசியம் சல்பேட், மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நாலு உப்பைக் கணக்காகக் கலந்து நல்ல தண்ணீரில் கரைத்தார். இன்றைக்கு நீங்க வாங்கப்போகும் மரைன் சால்ட் பாக்கெட்டுக்கு அவர்தான் தாத்தா முறை. அதற்குப் பிறகு இங்கிலாந்து முழுக்க வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பரவியது. அந்த மோகத்துக்கு நடுவில் வளர்ந்த பையன்தான் தர்ஸ்டன்.

மருத்துவர் மியூசியத்துக்கு வந்தார்

ஈட்டன் பள்ளியில் படித்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் முடித்து, 1877-ல் தகுதி பெற்றார். கென்ட் மாவட்ட மனநல விடுதியில் மருத்துவ அலுவலராக இருந்தார். பிறகு கிங்ஸ் கல்லூரி அருங்காட்சியகத்தின் காப்பாளர். 1885-ல் சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராகக் கப்பல் ஏறி வந்தார். அப்போது வயது முப்பது. அடுத்த 23 வருஷம் இங்கேதான்.

எழும்பூர் மியூசியத்துக்கு நம்ம ஊர் ஜனங்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மியூசியத்தை 1851-ல் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர், அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார். 1863-ல் அவற்றைப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அது உயிர் காலேஜ் ஆனது. எலும்பும் கல்லும் பஞ்சடைத்த விலங்கும் இருந்த இடம் செத்த காலேஜ் ஆனது. ஒரே வார்த்தையில் இவ்வளவு துல்லியமா யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

தர்ஸ்டன் காலத்தில் அந்தச் செத்த காலேஜ் பெரிதாக வளர்ந்தது. அலெக்சாண்டர் ரீ தோண்டிய ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் வந்து சேர்ந்தன. 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் மொத்தச் சேகரிப்பையும் 1904-ல் மியூசியத்துக்கு வாங்கினார்கள். வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை குழி தோண்டியபோது கற்கருவியும் மணியும் தங்கமும் கிடைத்ததே, ஒரகடம் கம்பெனிகளுக்கு நடுவில் இவ்வளவு பழைய ஊரா என்று நாமெல்லாம் போய் எட்டிப் பார்த்தோமே, அந்த மண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய கற்களில் பல எழும்பூரில்தான் இருக்கின்றன. சேர்த்து வைத்தவர்களால் நமக்கு லாபம்தான். அதில் சந்தேகம் இல்லை.

கல்லை எடுத்து வைத்தால் கல் கல்லாகவே இருக்கும். உயிர் அப்படி இருக்காது.

ராமேஸ்வரமும் ஸ்பிரிட் ஜாடியும்

வந்த ரெண்டாவது வருஷமே, 1887-ல், தர்ஸ்டன் ராமேஸ்வரம் பக்கம் கடல் உயிர்களைப் பார்க்கப் போனார். 1889-ல் தூத்துக்குடி முத்துக்குளிப்பையும் நேரில் பார்த்தார். இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்குகிறவர்களை நம்பி நடந்த தொழில் அது. முத்து, சங்கு, மன்னார் வளைகுடாவின் உயிரினங்கள் பற்றி 1890-ல் குறிப்புகள் வெளியிட்டார். 1890-களில் மியூசியத்தின் வெளியீடுகளாகவே முத்து, சங்குத் தொழில் பற்றியும் ராமேஸ்வரம் தீவு பற்றியும் எழுதினார்.

எடுத்த உயிர்களைப் பெயர் கண்டுபிடிக்கக் கப்பலில் அனுப்பினார். கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்தார். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி வகைகளை ஜெஃப்ரி பெல் ஆராய்ந்தார். நம்ம கடலின் உயிர்ப் பட்டியலில் முதல் பக்கங்கள் பல இப்படி எழுதப்பட்டவைதான்.

ஆனா அந்தப் பயணத்தின் முடிவில் மியூசியத்துக்கு என்ன வந்தது என்று யோசிச்சுப் பாருங்க. ஸ்பிரிட் ஜாடியில் நிறம் போன மீன். அலமாரியில் வெள்ளை வெளேரென்று பவளம்.

பவளத்தின் அசல் நிறம் வெள்ளை கிடையாது. வெள்ளையாக நாம் பார்ப்பது அதன் எலும்புக்கூடு, அதாவது கால்சியம் கார்பனேட். அதன் மேல் மெல்லிய தோல் மாதிரி லட்சக்கணக்கான சின்ன உயிர்கள் ஒட்டி வாழும். அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். பாசி வெளிச்சத்தை வாங்கி உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் அதற்கு இடமும் உரமும் தரும். பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரரால் வருவது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும். சூடு சீக்கிரம் தணியாவிட்டால் சாகும். தண்ணீரை விட்டு எடுத்தாலோ கேட்கவே வேண்டாம். மியூசியத்துக்கு வந்த பவளத்தில் வீடு இருந்தது, குடித்தனம் இல்லை.

ஆளை அளந்த கதை

இந்த இடத்தில் தர்ஸ்டனின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் தாண்டிப் போவது நியாயமாக இருக்காது.

1894 வாக்கில் அவர் கவனம் கடலிலிருந்து மனிதர்கள் பக்கம் திரும்பியது. நீலகிரியில் தோடர், கோத்தர், படகர் என்று தொடங்கினார். கையில் காலிப்பர். தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் எல்லாவற்றையும் அளந்து எழுதினார். மூக்கை அளந்தால் இனம் தெரியும், இனம் தெரிந்தால் சமூகத்தை அடுக்கிவிடலாம் என்று அந்தக் காலத்து ஆட்சியும் அறிவியலும் நம்பின. 1901-க்குப் பிறகு அதுவே அரசாங்கக் கணக்கெடுப்பு வேலையாகவும் ஆனது. கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளும் வெளிவந்தன. சடங்கு, தொழில், கதை, பழக்கவழக்கம் என்று அதில் இருக்கும் தகவல்கள் இன்றும் பயன்படுகின்றன. மூக்கு அளவை வைத்து மனிதரை அடுக்கும் அந்தக் கணக்கை இன்றைய அறிவியல் குப்பையில் போட்டுவிட்டது.

அவரே பதிவு செய்த ஒரு சம்பவம் இருக்கிறது. வயநாட்டில் பணியர் குடியிருப்புக்குள் அவர் போனதும் பெண்கள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து, சென்னை மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் பயந்தார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகத்தான் எழுதி வைத்தார்.

எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் படிக்காதவர்கள்தான், ஆனால் செத்த காலேஜ் என்றால் என்ன என்று அவர்களுக்குத்தான் சரியாகப் புரிந்திருந்தது. அங்கே எதுவும் உயிரோடு போய்ச் சேர்வதில்லை. அளக்க வருகிற கைக்கு எதிரில் இருப்பது ஆளா, மாதிரிப் பொருளா என்ற வித்தியாசம் தெரியாமல் போகலாம் என்று அவர்கள் பயந்ததில் என்ன தவறு?

பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை அதன் இடத்திலிருந்து எடுத்து நம்ம அலமாரியில் வைத்துக்கொள்ளும் ஆசை தர்ஸ்டனோடு முடிந்துபோன விஷயம் இல்லை. நம்ம ஹாஸ்டல் ரூம் வரைக்கும் அது வந்திருக்கிறது.

மெரினாவில் ஒரு மீன் வீடு

இப்படி இருபது வருஷம் போன பிறகுதான் அந்த யோசனை. 1900 முதல் 1906 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் ஆம்ப்டில் பிரபு. அவர் காலத்தில், மெரினா கரையில் கடல் உயிர்களை உயிரோடு காட்ட ஒரு மீன் காட்சிசாலை கட்டலாம் என்று தர்ஸ்டன் சொன்னார். கட்டடம் எழுந்தது. 1909 அக்டோபர் 21-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆசியாவிலேயே இப்படி ஒன்று முதல்முறை என்று பேசப்பட்டது. நிர்வாகம் மியூசியத்திடம். அதாவது செத்த காலேஜுக்கே ஒரு உயிர் காலேஜ் கிளை கிடைத்தது.

இதில் ஒரு வருத்தம் உண்டு. தர்ஸ்டன் 1908-லேயே பதவியை விட்டுவிட்டார். திறந்தபோது பொறுப்பில் அவர் இல்லை. அதே 1908-ல் ஒரு கொம்புத் திருக்கை இனத்துக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். யோசனை அவருடையது, ஆனால் தொட்டியைத் தினமும் பார்த்துக்கொள்ளும் பாடு பின்னால் வந்தவர்களுடையது.

அந்தப் பாடு சின்னது இல்லை. மியூசிய அலமாரியைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் லீவு போடலாம். மீன் தொட்டியைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. மெரினா அலையில் மணல் கலங்கி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூவமும் அடையாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கரையோரக் கடலில் கொட்டும், உப்பின் அளவு இறங்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். கடல் பக்கத்தில் இருந்தாலும் கடல் மாதிரி ஒரு தொட்டியை வைத்திருப்பது தனிக் கலை.

உங்க தொட்டிக்கு வருவோம்

நீங்க இருப்பது கடற்கரையில் இல்லை. வடக்குப்பட்டில் ஜன்னலைத் திறந்தால் தெரிவது கன்டெய்னர் லாரி. அதனால கடல் தண்ணீரை நீங்களே தயாரிக்கணும். காஸ் செய்த அதே வேலைதான்.

அறுபது லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அப்படியென்றால் உங்க தொட்டிக்கு 2,100 கிராம். கடையில் வாங்கும் மரைன் சால்ட்டில் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும், அதனால பாக்கெட்டில் சொன்ன அளவைப் போட்டு, ஹைட்ரோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பாருங்க. சமையல் உப்பு மட்டும் போட்டா கடல் ஆகாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் சேர்ந்தால்தான் கடல். தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். நம்ம பக்கத்து போர் தண்ணீரில் ஏற்கெனவே என்னென்ன கரைந்திருக்கும் என்று வாளியில் படியும் வெள்ளையே சொல்லும்.

அடுத்தது ஆவியாதல். வெயில் காலத்தில் ஃபேன் வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சும்மா போய்விடும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. மூணு நாள் கவனிக்கலைன்னா 57 லிட்டரில் அதே 2,100 கிராம், லிட்டருக்கு 37 கிராமை நெருங்கிவிடும். அதனால குறைந்ததை நல்ல தண்ணீர் ஊற்றித்தான் நிரப்பணும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. புதுசா தொட்டி வைக்கிறவங்க பலர் சறுக்கும் இடம் இதுதான். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பதும் தப்பு. தண்ணீர் குறைய குறைய தாங்கும் சக்தியும் குறையும். ஆயிரம் லிட்டரில் ஒரு செத்த இறால் ஒரு பொருட்டே இல்லை. அறுபது லிட்டரில் அது ஒரு விபத்து.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். மீன் கழிவிலும் மிச்ச இரையிலும் அம்மோனியா வரும். அம்மோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதுக்குத்தான் கொஞ்சம் பொறுக்கலாம். காஸ் காலத்தில் இந்த பாக்டீரியாக்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. தர்ஸ்டன் தன் முத்துக் குறிப்புகளை அச்சுக்குக் கொடுத்த 1890 வாக்கில்தான் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அவற்றைப் பிரித்து எடுத்துக் காட்டினார்.

அந்த பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் உங்க தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. பம்ப் ஓடும், விளக்கு எரியும், பாறை இருக்கும், பார்க்க ஒண்ணுமே இருக்காது. ரூம் மேட் கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும். கொஞ்சம் அம்மோனியா விட்டு, டெஸ்ட் கிட்டில் தினமும் பாருங்க. அம்மோனியா ஏறும், இறங்கும். நைட்ரைட் ஏறும், இறங்கும். ரெண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் முதல் மீன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், லூப் செட்டில் ஆகாமல் லோடு ஏற்றக் கூடாது.

இன்னும் ரெண்டு விஷயம். வெப்பம் 25-லிருந்து 27 டிகிரிக்குள் நிற்கணும். மே மாதம் நம்ம ஊரில் அதுதான் பெரிய போராட்டம். கரண்ட் போனால் மீனுக்கு முதலில் முட்டுவது மூச்சு. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் ஒரு மக்கை எடுத்து, ஆனா தைன் வீட்டில் செய்த மாதிரி, மொண்டு மொண்டு ஊற்றுங்க.

பவளம் மட்டும் வேண்டாம்

இப்போ அந்த ரீல்ஸில் ஆடிய பவளத்துக்கு வருவோம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில், தர்ஸ்டன் ஜாடியோடு சுற்றிய அதே மன்னார் வளைகுடாவில், 21 தீவுகள் இருந்தன. சுற்றிலும் பவளத் திட்டுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் என்று வருஷக்கணக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த சுவர் போனதும் கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. தண்ணீர் சூடேறியதில் 1998, 2010, 2016 என்று திரும்பத் திரும்பப் பவளம் வெளுத்தது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் இருக்கின்றன. கடல் குதிரையும் கடல் அட்டையும் பாதுகாக்கப்பட்டவைதான். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. மண்டபம் டூர் போனப்ப கரையில் கிடந்த செத்த துண்டை ஞாபகார்த்தமா பையில் போட்டாலும் குற்றம்தான், ஜெயில் வரைக்கும் போகலாம். யாரோ விற்கிறார் என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

சட்டத்தை விடுங்க. கடலில் பவளம் கூட்டமாக வாழ்ந்து கரையைக் காக்கிறது, மீன்குஞ்சுக்கு வீடாக இருக்கிறது. உங்க தொட்டியில் ஒரு அரியர் எக்ஸாம் வாரத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம். அப்புறம் அது தர்ஸ்டன் அலமாரியில் இருந்த அதே வெள்ளைக் கல்தான். லைட் மட்டும் நீலமா எரியும்.

அப்போ என்ன வைக்கலாம்? செராமிக்கிலோ சிமென்ட்டிலோ செய்த செயற்கைப் பாறை வாங்குங்க. கடலிலிருந்து எடுத்தது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்க. அதில் பாக்டீரியா குடியேறும், நாளாக ஆகப் பாசி படரும். பிறகு பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டிவிட்டன. கொளத்தூர் கடைகளில் கேட்கும்போது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று முதலில் கேளுங்க. அந்த மீன் வாழ கடல் தாமரை கட்டாயம் இல்லை. ஒரு பாறை இடுக்கு போதும், அதையே வீடாக்கிக்கொள்ளும். அது முட்டையிட்டு, ஆண் மீன் துடுப்பால் விசிறி முட்டையைக் காப்பதை ஒரு நாள் பார்த்தீங்கன்னா ரீல்ஸ் எல்லாம் மறந்துபோகும்.

முடிவு

தர்ஸ்டன் இங்கிலாந்து திரும்பிய பிறகும் சும்மா இருக்கவில்லை. கார்ன்வாலில் குடியேறி அந்த ஊர்ச் செடி, மரம், கொடிகளைப் பட்டியல் போட்டார். 1935-ல் பென்சான்ஸில் காலமானார். கடைசி வரைக்கும் சேகரிப்பாளர்தான்.

மெரினா மீன் காட்சிசாலை 1919-ல் மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டு விழும் என்ற பயத்தில் சென்னை காலியானபோது அதையும் மூடினார்கள். அவர் சேர்த்த எலும்பும் ஜாடியும் புத்தகமும் போரைத் தாண்டி நின்றன. உயிரோடு இருந்த தொட்டிகள் நிற்கவில்லை. உயிருக்குத் தினமும் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத நாளில் அது முடிந்துவிடும்.

அதனால உங்க தொட்டிக்குப் பட்ஜெட் போடும்போது லைட், பம்ப், சால்ட் என்று எழுதிய பிறகு கீழே இன்னும் ரெண்டு வரி சேருங்க. செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனால் தண்ணீர் நிரப்பப் போவது யாரு? நாலாம் வருஷம் முடிந்து கிளம்பும்போது மீனை வாங்கிக்கப் போவது யாரு? அந்த ரெண்டு பெயரும் கிடைத்துவிட்டால் போய்த் தொட்டி வாங்குங்க. கிடைக்கலைன்னா இந்த வருஷம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் போய் தர்ஸ்டன் காலத்துச் செத்த காலேஜைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்க, பெயரை யோசிக்க நேரம் கிடைக்கும்.